எத்தனை பேர் என்று கேட்டார் மொக்லேஸ்

கோனாபாரியில் காலை ஏழு மணிக்கே
சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் மாதம்.
நான்காம் மாடியில் மட்டும் குளிர்.
மெஷின்கள் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே
ஏசி வந்துவிட்டது.
சூடு அதற்கு ஆகாதாம்.
பதினோரு வருடம் அதே மாடியில்
கைப்பின்னல் மெஷினின் வண்டியை
இடமும் வலமுமாகத் தள்ளியவர்கள் கேட்ட மின்விசிறி
கேட்டபடியே இருக்கிறது.

நான் வாயை வாடகைக்கு விடுகிறவள்.
குன்மிங்கில் நான்கு வருடம் படித்த சீனத்துக்கு
நாளுக்கு மூவாயிரம் டாக்கா, மதியச் சோறு தனி.
பொறியாளர் ஷூ பெய்லின் சொல்வதை வங்காளத்தில் சொல்வேன்.
ஆட்கள் கேட்பதைச் சீனத்தில் கேட்பேன்.
நடுவில் என் கருத்து என்று
ரசீதில் எதுவும் இல்லை.

முதல் நாள் ஊசி, நூல்வழி, எண்ணெய்.
இரண்டாம் நாள்
சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன, மஞ்சள் எரிந்தால் என்ன.
யாரும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை.
மொக்லேஸ் மட்டும்
(வண்டி தள்ளித் தள்ளி
வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியவர்)
மாட்டுச்சந்தையில் பல் பிடித்துப் பார்க்கிறவர் மாதிரி
மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.
"இது ஒன்று எத்தனை பேர் வேலை செய்யும், கேளம்மா."

கேட்டேன்.
ஷூ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஏழு பேர் வேலை.
ஆறு மெஷினைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போதும்."
பிறகு கேட்காததையும் சொன்னார்:
"எங்கள் ஊருக்கு இது ஜப்பானிலிருந்து வந்தது.
அம்மாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.
மறுவருடம் பஸ் நிலையத்தில் கழிப்பறைக்குச் சில்லறை வாங்க உட்கார்ந்தாள்.
அப்புறம் நாங்களே மெஷின் செய்ய ஆரம்பித்தோம்.
அந்தக் கம்பெனியில்தான் எனக்கு வேலை.
இதைச் சொல்ல வேண்டாம்."

மூலையில் இருபத்து நான்கு பெட்டிகள்.
மாடியில் நூற்றறுபது பேர்.
பெருக்கல் எனக்கு எந்த மொழியிலும் வரும்.
"நிறையப் பேர் வேலை செய்யுமாம்," என்றேன்.
"பழகப் பழகத் தெரியுமாம்."
மோரில் தண்ணீர் ஊற்றுகிற கை என்னுடையது.
மொக்லேஸ் தலையாட்டினார். நம்பி அல்ல.
அவரும் பெட்டிகளை எண்ணியிருந்தார்.

கழுத்துப்பட்டை கோக்கும் பிரிவிலிருந்து
ஷெஃபாலி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
"எங்க வேலைக்கு மெஷின் இன்னும் வரலை, அக்கா."
என்ன சொல்கிறாள் என்று ஷூ கேட்டார்.
சிரிக்கிறாள் என்றேன்.
அந்த 'இன்னும்' என் வாயிலேயே தங்கிவிட்டது.

மூன்றாம் நாள் ஜொய்தேப்பூர் சந்திப்பில் பஸ் நகரவில்லை.
நாற்பது நிமிடம் தாமதமாகப் படியேறினேன்.
ஷூ உள்ளங்கையில் போனை ஏந்தியிருந்தார்.
குழாயில் வாய்வைத்துத் தண்ணீர் குடிப்பவர் போல
மொக்லேஸ் அதன்மேல் குனிந்திருந்தார்.
அதே கேள்வி.
போன் சீனத்தில் கேட்டது.
ஷூ என்னைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார்.
போன் சொன்னது, செய்தி வாசிக்கும் பெண்குரலில்:
"ஓர் இயந்திரம் ஏழு தொழிலாளர்களின் பணியைச் செய்யும்."
இருமவில்லை. கண்ணாடி துடைக்கவில்லை.

ஏசி ஓடும் சத்தம்.

மொக்லேஸ் நிமிர்ந்து என்னைத் தேடினார். கோபமில்லை.
"இவளுக்கு உச்சரிப்பு சுத்தம்," என்றார்.
"உன்னை மாதிரிப் பொய் சொல்லத்தான் தெரியலை."

கணக்கர் அரைக்கூலி எழுதினார்.
தாமதத்துக்கு என்றார்.
நாளைக்கு வரவேண்டுமா என்று நான் கேட்கவில்லை,
அவரும் பேனாவை மூடிவிட்டார்.

கீழே பெட்டிப் பலகைகளில் மொக்லேஸ்
ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார்.
"இதில் என்ன எழுதியிருக்கு?"
"இந்தப் பக்கம் மேலே."
பலகையைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.
பிறகு எழுத்தின்மேலேயே கையை வைத்து
சாண் போட ஆரம்பித்தார்:
கட்டிலுக்கு
எத்தனை வேண்டும் என்று.